திறந்த அறிவியலும் மூடிய சான்றுகளும்: தமிழாய்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திறந்த அறிவியல் என்னும் கொள்கை நம் பல்கலைக்கழகங்களில் கட்டணமின்றிப் படிப்பதற்கான வசதியாகவே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது. ஓர் ஆய்வு முடிவு எந்தச் சான்றுகளிலிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பிறர் சரிபார்க்க இடமளிப்பதே அக்கொள்கையின் உயிர்நிலை. பதிப்பியல், கல்வெட்டியல், தொல்லியல் ஆகிய துறைகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்விதழ்ப் பட்டியல்களும் வெளியீட்டுக் கட்டாயங்களும் சரிபார்க்கும் பண்பாட்டை வளர்க்கவில்லை என்பதும், களத்தரவுகளைப் பொறுத்தவரை திறத்தலுக்கும் எல்லை உண்டு என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: திறந்த அறிவியல், திறந்த அணுக்கம், பதிப்பியல், மைப்படி, கீழடி, ஆய்விதழ்ப் பட்டியல், களத்தரவு.

முன்னுரை

2002ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட புடாபெஸ்டு அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் அனைவருக்கும் இணையத்தில் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்றது. 2021 நவம்பரில் யுனெஸ்கோ நிறைவேற்றிய திறந்த அறிவியல் பரிந்துரை அதனினும் விரிந்தது. கட்டுரைகளோடு தரவுகள், மென்பொருள்கள், ஆய்வுக் கட்டமைப்புகள், சமூகத்தின் பங்கேற்பு, பிற அறிவு மரபுகளுடனான உரையாடல் ஆகியவற்றையும் அது உள்ளடக்கியது. இவ்விரண்டு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அறிவியலின் நம்பகத்தன்மை குறித்த ஐயம் பெரிதாக எழுந்தது. உளவியல் துறையின் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த கூட்டு முயற்சியொன்றின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவுகளைத் தந்திருந்தன; மறு ஆய்வுகளில் அவ்வாறு தந்தவை 36 விழுக்காடே. இதன் பின்னர்த் திறந்த அறிவியல் என்பது நூலகச் செலவு பற்றிய பேச்சாக மட்டும் நிற்க இயலாமற் போயிற்று. ஒரு முடிவை நம்புவதற்கு நமக்கு என்ன அடிப்படை உள்ளது என்ற வினா அதன் நடுவில் வந்து அமர்ந்தது.

தமிழாய்வு இவ்வினாவைத் தனக்கு உரியதாகக் கொள்ளவில்லை. மறுசோதனை என்பது ஆய்வகத்துக்கு உரியது, இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அது பொருந்தாது என்ற எண்ணம் நம் கருத்தரங்குகளில் இயல்பாக நிலவுகிறது. இவ்வெண்ணம் தவறானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. சோதனைக் குழாய் இல்லாத துறைகளுக்கும் சான்று உண்டு. சான்று உள்ள இடத்தில் அதைத் திரும்பச் சென்று பார்க்கும் வழியும் இருந்தாக வேண்டும்.

படித்தலும் சரிபார்த்தலும்

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 முதல் 2027 வரையான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசுசார் நிறுவனங்கள் படிக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஆய்வாளர் ஒருவருக்கு இதன் பயன் சிறிதன்று. முன்பு நண்பர்களிடம் இரந்து பெற்ற கட்டுரைகளை இன்று தம் நிறுவனத்தின் வழியாகவே பெறலாம். ஆயினும் இது சந்தாவே. பூட்டு அப்படியே இருக்க, திறவுகோல்கள் மொத்தமாக வாங்கப்பட்டன. நிறுவனத்தைச் சாராத ஆய்வாளர்களும், ஓய்வுபெற்ற பள்ளித் தமிழாசிரியர்களும், தமிழ் வரலாற்றுக்குப் பெரும்பங்கு ஆற்றிவரும் ஊர்ப்புறக் கல்வெட்டு ஆர்வலர்களும் இத்திட்டத்தின் பயனாளர் வரையறைக்குள் வருவதில்லை.

நம்முடைய சொந்த வெளியீடுகளின் நிலை வேறுவிதமானது. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிகளில் வகுத்ததன் விளைவாகச் சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் பெருந்தொகையாகச் சேர்ந்துள்ளன. எவரும் அவற்றைத் தரவிறக்கலாம். ஆனால் அவற்றுள் பல ஒளிப்படமாக மட்டுமே உள்ள பக்கங்கள். வேறு பல, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அவ்வகைக் கோப்பில் 'நெய்தல்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது; பத்தியைப் படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகளே வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் அதன் பின்னர் அளிக்கப்பட்ட ஆய்வேடுகளிலும் பழைய எழுத்துருக்களின் ஆட்சி நீடித்தது. இதனால் ஒரே தலைப்பில் மூன்று பல்கலைக்கழகங்களில் மூவர் ஆய்வு செய்தாலும் ஒருவரை மற்றவர் அறிய வழியில்லை. ஒருவர் எழுத்தை மற்றவர் எடுத்தாண்டாலும் திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கு அது புலப்படுவதில்லை. கதவு திறந்துள்ள அறையில் விளக்கில்லாத நிலை இது.

இதற்கு மாறான முயற்சிகள் பல்கலைக்கழகங்களுக்கு வெளியிலிருந்தே வந்தன என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தவை. அவற்றை நாள்தோறும் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் துணைநூற்பட்டியலில் அவற்றின் பெயரைத் தவிர்த்து அச்சுநூலின் பெயரை இடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. சான்றின் தடத்தை மறைக்கும் பழக்கங்களுள் இதுவும் ஒன்று.

பி-ம் என்னும் இரண்டெழுத்து

தமிழாய்வில் திறந்த சான்று என்பது இறக்குமதியான கருத்தன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தமக்குச் சுவடி அளித்தோரின் பெயர்களை முகவுரையில் வரிசைப்படுத்தினார். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் இட்டார். தாம் கொண்ட பாடமே முடிந்த முடிபு என்று அவர் சாதிக்கவில்லை. வாசகர் வேறு பாடத்தைக் கொள்ளவும் இடம் வைத்தார். சி.வை.தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளிலும் சுவடிகளின் சிதைவு பற்றிய வெளிப்படையான பேச்சு உண்டு. அச்சுப் பண்பாடு வேரூன்றாத காலத்தில் இது எளிய செயலன்று.

ஆனால் நாம் இப்பெருமையோடு நின்றுவிடுகிறோம். ஐயர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் 'பி-ம்' என்று சுருக்கமாகக் காணப்படும் பிரதிபேதம், மாற்றுப்பாடம் ஒன்று உண்டு என்பதை அறிவிக்கிறது; அது எந்தச் சுவடியில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. பத்துச் சுவடிகளில் ஒன்றில் மட்டும் உள்ள பாடமும் ஒன்பதில் உள்ள பாடமும் அடிக்குறிப்பில் ஒரே நிறை கொள்கின்றன. ஆகவே பதிப்பாசிரியரின் தேர்வை நாம் மதிக்கலாம், சரிபார்க்க முடியாது. முன்னோடி ஒருவர் தனித்து நின்று செய்த பணியில் இக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் பெரும்பாலான சங்க இலக்கியப் பதிப்புகள் சுவடியைத் தொடாமல், முந்தைய அச்சுப் பதிப்பைப் பார்த்தே அச்சிடப்பட்டதுதான் பொறுக்கத்தகாதது. எவா வில்டன் 2008இல் நற்றிணைக்கும் 2010இல் குறுந்தொகைக்கும் வெளியிட்ட செம்பதிப்புகள், ஒவ்வொரு சுவடிக்கும் தனிக் குறியீடு இட்டு, எந்தப் பாடம் எங்குள்ளது என்பதை அடிதோறும் காட்டின. அப்பதிப்புகளின் தேர்வுகளோடு மாறுபடுவோர் உண்டு. மாறுபடுவதற்குத் தேவையான கருவி அதே பக்கத்தில் கிடைக்கிறது என்பதுதான் அவற்றின் சிறப்பு. தமிழ் முதுகலை வகுப்புகளில் இப்பதிப்புகள் எத்துணை இடத்தில் மேசைக்கு வருகின்றன என்பதை வாசகர்கள் தத்தம் துறையைக் கொண்டு மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

மைப்படிகளின் இடமும் அணுக்கமும்

சான்று மூடப்படுவதன் விளைவைக் கல்வெட்டியலைப் போல் தெளிவாகக் காட்டும் துறை வேறில்லை. 1886இல் ஊல்ச்சு சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்டார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன் பின்னர்ப் பல்லாயிரம் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. ஆண்டறிக்கைகளில் அவற்றுக்குச் சில வரிச் சுருக்கம் இடம்பெறும்: ஊர், அரசன், ஆட்சியாண்டு, கொடையின் தன்மை. முழுப்பாடம் அச்சேறுவது பிறகு. பலவற்றுக்கு அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. கல்வெட்டு அலுவலகம் சென்னையிலிருந்து உதகைக்கும் அங்கிருந்து மைசூருக்கும் இடம்பெயர்ந்தபோது மைப்படிகளும் உடன் சென்றன. இடைக்காலத்தில் திருப்பணி என்ற பெயரால் கோயில் சுவர்களில் சுண்ணாம்பு பூசப்பட்டும், கற்கள் மாற்றி அடுக்கப்பட்டும், மணல்வீச்சுக்கு உள்ளாகியும் மூலக் கல்வெட்டுகள் பல அழிந்தன. அவ்விடங்களில் மைப்படியே எஞ்சிய ஒரே மூலம். அது தாளில் மையொற்றி எடுக்கப்பட்டது. மடிப்பில் கிழியும், ஈரத்தில் உதிரும்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் உள்ள தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு ஆணையிட்டது. அவற்றில் ஒரு பகுதி பின்னர் வந்து சேர்ந்தது. தமிழ் ஊடகங்கள் இதை மீட்பாகக் கொண்டாடின. கொண்டாட்டத்தில் பங்குகொள்ளும் முன் ஒரு வினாவை எழுப்ப வேண்டியிருக்கிறது. தருமபுரியிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பணியாற்றும் ஆய்வாளருக்கு, மைசூரின் அலமாரிக்கும் சென்னையின் அலமாரிக்கும் உள்ள வேறுபாடு பேருந்துக் கட்டணம் மட்டுமே. மைப்படியின் உயர்தர ஒளிப்படம், அதன் ஆண்டறிக்கை எண், ஊர், கோயிலில் அது இருந்த இடம், படித்தவர் தந்த பாடம் ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் எவரும் காணத்தக்க வகையில் இணையத்தில் இடம்பெறும்போதுதான் அணுக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். இடம் பற்றிய அரசியல் முழக்கத்தில் அணுக்கம் பற்றிய கோரிக்கை கரைந்துபோனது. இது நம் ஆய்வுலகம் தவறவிட்ட வாய்ப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது.

தரவு திறந்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இத்துறையிலேயே சான்று உண்டு. நொபோரு கராஷிமா, எ.சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறும் பெயர்களுக்கான சொல்லடைவை 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அது ஆய்வுரை அன்று, தரவு. எந்தப் பெயர், எந்தக் கல்வெட்டில், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்ற அட்டவணையே அதன் உள்ளடக்கம். தங்கள் முடிவுகளைத் தகர்க்கக்கூடிய கருவியைத் தாங்களே அச்சிட்டு அளிக்கும் துணிவு அதில் இருந்தது. கராஷிமா அதற்கு முன்னரே அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு நிலவுடைமை பற்றி எழுதியபோதும், இரண்டே ஊர்களைக் கொண்டு பேசுகிறார் என்று எவரும் குறைகூறும் அளவுக்குத் தம் சான்றின் எல்லையை வெளிப்படையாக வைத்திருந்தார். 1980இல் பர்ட்டன் சுடெய்ன் சோழ அரசைக் கூறாக்க அரசு என்று விளக்கிய நூல் வந்தபின் எழுந்த நீண்ட விவாதத்தில், கல்வெட்டுகளில் வரும் பதவிப் பெயர்களும் வரிப்பெயர்களும் எத்தனை முறை, எங்கெங்கு, எக்காலத்தில் வருகின்றன என்பதே எதிர்வாதத்தின் அடிப்படையாயிற்று. ஒருவர் புலமைக்கு எதிராக மற்றொருவர் புலமையை நிறுத்தும் பட்டிமன்றமாக அது முடியவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று நடுவில் இருந்தது.

கீழடி: அறிக்கை வெளிவராத விவாதம்

இத்தகைய நடுப்பொருள் இல்லாத விவாதம் எவ்வாறு திசைமாறும் என்பதற்குக் கீழடி எடுத்துக்காட்டு. இந்தியத் தொல்லியல் துறை 2014–15, 2015–16 ஆகிய பருவங்களில் அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் அங்கு அகழாய்ந்தது. அவர் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் அளித்தார். 2025 மே மாதம், வல்லுநர் கருத்துகளின் அடிப்படையில் காலவரையறை முதலியவற்றைத் திருத்தித் தருமாறு துறை கோரியது. அவர் தம் முடிவுகளை நிலைநிறுத்தி விடையளித்தார். அதன் பின்னர் எழுந்த வாக்குவாதத்தில் தமிழ்நாட்டில் பேசாதவர் இல்லை. அவ்வாறு பேசியோருள் மிகப் பெரும்பாலோர் படித்திராத அறிக்கையைப் பற்றியே பேசினர். படிக்க அது வெளியிடப்படவில்லை.

அறிக்கையில் குறை காண்பது வல்லுநரின் கடமை. அதனை யாரும் மறுக்க இயலாது. கருத்துரையாளர் எழுப்பிய ஐயங்கள், அகழாய்வாளரின் மறுமொழி, மண்ணடுக்கு வரைபடங்கள், காலக்கணிப்பு முடிவுகள் ஆகியவற்றை அறிக்கையுடன் சேர்த்து வெளியிட்டிருந்தால் தொல்லியல் பயிலும் மாணவர் எவரும் தாமே எடைபோட்டிருக்க முடியும். திறந்த மதிப்பீடு என்று இன்று பல அறிவியல் இதழ்கள் கடைப்பிடிப்பது இதுவே. அவ்வாறு செய்யாததால், துறைக்கு உள்நோக்கம் கற்பிப்போருக்கும் கீழடியைத் தமிழ்ப் பெருமிதத்தின் மிகைக்கூற்று என்று ஒதுக்குவோருக்கும் ஒரே அளவு இடம் கிடைத்தது. இரு தரப்புக்கும் சான்று தேவைப்படவில்லை.

மாநிலத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு வெளியீடு இவ்வகையில் ஒரு படி முன்னேறியது. கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பிய ஆறு மாதிரிகளின் முடிவுகளை அது அச்சிட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி பொ.ஆ.மு. 580 எனக் கணிக்கப்பட்டதை ஆழத்தோடு குறிப்பிட்டது. இந்த ஒரு காலக்கணிப்பைக் கொண்டு தமிழி எழுத்தின் தொன்மையை எவ்வளவு பின்னோக்கி நகர்த்தலாம், எழுத்துப் பொறித்த ஓடுகளும் அம்மாதிரியும் ஒரே மண்ணடுக்குச் சூழலைச் சேர்ந்தவையா என்றெல்லாம் அறிஞர்கள் கேட்க முடிந்ததற்குக் காரணம், ஆழமும் ஆண்டும் அச்சில் இருந்தமையே. அவ்வினாக்களைத் தமிழுக்கு எதிரானவையாகக் கருதும் போக்கு நம்மிடையே உள்ளது. வெளியீட்டின் பயனே அவ்வினாக்கள்தாம். 2025 சனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களின் காலக்கணிப்புகள் இடம்பெற்றதும் இதே நோக்கில் வரவேற்கத்தக்கது. அடுத்து வேண்டியது, அம்மாதிரிகள் எடுக்கப்பட்ட குழிகளின் முழுப் பதிவேடுகள்.

பட்டியல்களின் ஆட்சி

சரிபார்க்கும் பண்பாடு ஏன் வளரவில்லை என்ற வினாவுக்கு விடை தேடும்போது, ஆய்வாளரின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள், முனைவர்ப் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் ஒரு கட்டுரை இதழில் வெளிவந்திருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு உரைகள் நிகழ்த்தியிருக்க வேண்டும் என்றன. எந்த இதழ் என்பதற்கு 2017இல் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் வந்தது. 2018இல் அதிலிருந்து 4,305 நீக்கப்பட்டன. 2019இல் கேர் பட்டியல் வந்தது. 2022 விதிகளில் வெளியீட்டுக் கட்டாயம் கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டு, இதழைத் தேரும் பொறுப்பு நிறுவனங்களிடம் விடப்பட்டது. ஒருவர் ஆய்வில் சேர்ந்து பட்டம் பெறும் கால இடைவெளிக்குள் அளவுகோல் மூன்று முறை மாறியிருக்கிறது.

பட்டியல் இருந்த காலத்தில் தமிழ் இதழ்களைச் சுற்றி ஒரு சந்தை உருவானது. இக்கட்டுரையாளர் அனுப்பிய கட்டுரை ஒன்றை ஓர் இதழ் இரண்டு நாட்களில் ஏற்றுக்கொண்டது. கருத்துரை எதுவும் இல்லை, வங்கிக் கணக்கு எண் மட்டும் இருந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய அனுபவம் இல்லாத ஆய்வாளர் அரியர். இதைத் தனிமனித ஒழுக்கக் கேடாக மட்டும் காண்பது எளிது, பயனற்றதும்கூட. வெளிவந்ததா என்று மட்டும் கேட்கும் விதி, வெளியிட்டுத் தருவோரை உருவாக்குகிறது. கட்டுரையின் சான்றைப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பட்டியலும் ஒருபோதும் கேட்டதில்லை. அயல்நாட்டுப் பெரும் இதழ்களிலும் பணம் நுழைவாயிலில்தான் நிற்கிறது. நேச்சர் இதழ் 2020இல் திறந்த அணுக்க வெளியீட்டுக்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. இளநிலை ஆய்வு நல்கை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் நல்கை பெறுவோருக்கு. படிப்போரிடமிருந்து எழுதுவோருக்குச் செலவை மாற்றிவிட்டு அதைத் திறப்பு என்று அழைப்பது ஏற்கத்தக்கதன்று. ஆசிரியர்களிடமும் வாசகர்களிடமும் பணம் பெறாமல் நடக்கும் தமிழ் மின்னிதழ்கள் சிலவே. அவை ஆசிரியர் குழுவின் ஊதியமில்லா உழைப்பில் உயிர்வாழ்கின்றன.

பட்டியல் போனதால் பழக்கம் போய்விடவில்லை. நேர்காணல் குழுக்கள் இன்றும் எண்ணிக்கையையே கேட்கின்றன. முன்னோர் கூற்றை மறுசோதித்து அது சரியே என்று கண்டறிந்த கட்டுரைக்கோ, தேடியது கிடைக்கவில்லை என்று எழுதிய கட்டுரைக்கோ மதிப்பெண் இல்லை. 'சங்க இலக்கியத்தில்' என்று தொடங்கி ஏதேனும் ஒரு பெயர்ச்சொல்லில் முடியும் தலைப்புகள் பெருகுவதன் காரணமும் இதுவே. அவ்வகை ஆய்வில் தேடியது எப்போதும் கிடைத்துவிடுகிறது.

களத்தரவும் திறத்தலின் எல்லையும்

எல்லாவற்றையும் திறந்துவிடுவதே தீர்வு என்று மேற்கண்டவற்றிலிருந்து முடிவு கட்டலாகாது. நாட்டார் வழக்காற்றியலில் சான்று என்பது மனிதர்களின் குரல். ஒப்பாரி பாடிய பெண்ணின் பதிவை, அவர் அறியாத இணையவெளியில் எவரும் கேட்குமாறு வைப்பதற்கு ஆய்வாளருக்கு என்ன உரிமை உள்ளது? சாதி மோதல் நிகழ்ந்த ஊரின் தெய்வக் கதையில் கொலையுண்டவர், கொன்றவர் ஆகியோரின் வழியினர் பெயரோடு வரலாம். உலகப் பழங்குடியினரின் தரவு உரிமைக்காக 2019இல் வகுக்கப்பட்ட நெறிகள், கூட்டுநலன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் ஆகியவற்றை முன்வைக்கின்றன. அவையும் ஆங்கிலச் சுருக்கத்தில் 'கேர்' என்றே வழங்குவது விந்தையான பெயரொற்றுமை. நம் ஆய்வுலகம் அறிந்த கேர் இதழ்ப் பட்டியல் மட்டுமே.

நடைமுறையில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளிகளின் பெயர், வயது, ஊர், தொழில், பல வேளைகளில் சாதி ஆகியவை அட்டவணையாக அச்சாகின்றன. அவ்வேடு சோத்கங்காவில் ஏறியதும் உலகுக்கே திறக்கப்படுகிறது. அவர்கள் பாடிய பாடலின் ஒலிப்பதிவோ ஆய்வாளரின் கைப்பேசியில் இருந்து, கைப்பேசியோடு அழிகிறது. பாடலின் வரியை ஆய்வாளர் சரியாகக் கேட்டு எழுதினாரா என்பதைப் பின்வருவோர் அறிய முடியாது; பாடியவர் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பதை அறியலாம்.

இதை மாற்றப் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டியதில்லை. தகவலாளியின் பெயரைக் குறியெண்ணாக மாற்றுவது, ஒப்புதலை அவர் மொழியில் ஒலியாகவே பதிவு செய்வது, பதிவுகளைத் துறை நூலகத்தில் வைத்து எவை எவருக்குத் திறக்கலாம் என்பதைப் பாடியவரிடமே கேட்டுக் குறிப்பது, ஆய்வேட்டை ஒருங்குறியில் அளிப்பது ஆகிய நான்கையும் ஒரு துறையின் ஆய்வுக்குழு ஒரே கூட்டத்தில் தீர்மானமாக்கிவிடலாம். அதற்கு முன், பல துறைகளில் நாற்பது ஆண்டுக் கள ஆய்வுகளின் ஒலிநாடாக்கள் அலமாரிகளில் உள்ளன. அவற்றைப் பாடியோருள் பலர் இன்று இல்லை. நாடாக்களில் பூஞ்சை படர்ந்துவருகிறது.